மல்லாந்து படுத்துக் கட்டிய கப்பல்

எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில் ஒரு பாய்க்கப்பல் இருக்கிறது. ஒரு முழ நீளம், இரண்டு பாய்மரம். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் அண்ணன் செய்ததா என்று என்னிடம் கேட்பார்கள். இல்லை என்றால், அப்படியானால் யார் என்று வீட்டிலுள்ள வேறு ஆண்பிள்ளைகளைத் தேடுவார்கள். நான்தான் செய்தேன். ஜப்பான்காரன் காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினோரு மாதம் மல்லாந்து கிடந்தபோது, முகத்துக்கு மேலே தொங்கவிட்டுச் செய்தேன். முதுகெலும்பு நோயோடு கிடப்பவர்களுக்கும், சின்னக் கப்பல் செய்யும் சாமான்கள் அடங்கிய பெட்டியை முதன்முதலாகத் திறந்துவைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். இரண்டிலும் நான் செய்யாத தப்பு இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற பகுதியில் அண்ணன் நடராஜன், அண்ணி ருக்மணி இவர்களோடு இருந்தேன். அப்பா அம்மா முன்பே போய்விட்டார்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியில் பாதி நேரம் நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழிப் பாட்டு, பாதி நேரம் மரவள்ளிக்கிழங்குத் தோட்டம் என்றாகிவிட்டது. முதுகு வலித்தது. மண்வெட்டி பிடித்ததால் என்று நினைத்தேன். மாலையில் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் மலேரியா வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

நோயைக் கண்டுபிடித்தவன் ஒரு காவல்காரன். ஆற்றுப் பாலத்தருகே துப்பாக்கியோடு நிற்கும் ஜப்பானியச் சிப்பாய்க்கு இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். அன்று என்னால் குனிய முடியவில்லை. முதுகு ஒரு பலகையைப் போல நின்றுவிட்டது. திமிர் என்று நினைத்து அவன் என் கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் குனியச் சொன்னான். மறுபடியும் முடியவில்லை, மறுபடியும் அறைந்தான். வீட்டுக்கு வந்து அண்ணி என் ரவிக்கையைக் கழற்றிப் பார்த்தபோது, நடுமுதுகில் ஓர் எலும்பு கொட்டைப்பாக்கு அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அண்ணன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

காத்திருப்பவர்கள் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கால் வீங்கியவர்கள், சொறி பிடித்த பிள்ளைகள், காய்ச்சலில் நடுங்குகிறவர்கள். என்னால் உட்கார முடியாததால் நின்றேன். டாக்டர் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். விரலால் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். அந்த இடத்தைத் தொட்டதும் நான் கத்தினேன். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். உள்ளங்காலில் சாவியால் கோடு கிழித்தார். ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தார்கள். ரத்தத்தின் சிவப்பு எவ்வளவு வேகமாக அடியில் படிகிறதோ, உடம்புக்குள் அவ்வளவு நோய் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். என்னுடையது கல்லைப்போல இறங்கியது. எக்ஸ்ரே பிலிம் கையிருப்பில் கொஞ்சம்தான் இருந்தது. அதில் ஒன்றை எனக்குச் செலவழித்தார். இரண்டு எலும்புகள் ஓரத்தில் எலி கடித்த ரொட்டி மாதிரித் தெரிந்தன.

"பிள்ளை, நான் ஒண்டும் மறைக்கேல்லை," என்றார் டாக்டர். "இது காசம். நெஞ்சிலை வாற அதே கிருமி முள்ளெலும்பிலை குடியிருக்குது. இப்ப எழும்பி நடந்தால் எலும்பு நொறுங்கும், கால் ரெண்டும் போகும். அசையாமல் படுத்திருந்தால் ரெண்டு எலும்பும் ஒண்டோடொண்டு ஒட்டிப் போகும். வேறை மருந்து இப்ப இல்லை."

எத்தனை நாள் என்று கேட்டேன். நாள் இல்லை, மாதம் என்றார். ஒன்பது, அல்லது பத்து.

அவரிடம் கடைசி இரண்டு டின் மாவுக்கட்டுத் தூள் இருந்தது. அதைக் கரைத்துத் துணியைத் தோய்த்து என்னைக் குப்புறப் போட்டு, கழுத்திலிருந்து தொடை வரை முதுகின் அச்சை எடுத்தார்கள். காய்ந்ததும் அது ஒரு பாதி ஓடு போல வந்தது. அதற்குள் மல்லாக்கப் படுக்கவைத்து வார்களால் கட்டினார்கள். புரளக்கூடாது, தலையணை கூடாது, சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் அப்படியே. பெண்கள் வார்டின் மேற்கு ஓரக் கட்டில். முதல் வாரம் முழுக்க அழுதேன். கண்ணீர் காதுக்குள் போகும், துடைக்கக்கூட யாராவது வரவேண்டும். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு எனக்குப் பரவாயில்லை.

பக்கத்துக் கட்டிலில் தேவகி இருந்தார். எங்கள் காஜா பெராங்கிலேயே இருக்கும், பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட சிட்டி குடும்பம், முப்பத்தைந்து வயது. நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு முழுக்க மலாய். பெரிபெரி வந்து கால் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தது. தவிடு நீக்கிய அரிசியும் மரவள்ளியும் மட்டும் தின்றால் வரும் நோய் அது. நான் ஆசிரியை என்று தெரிந்ததிலிருந்து என்னை மலாயில் 'சேகு' என்றுதான் கூப்பிட்டார். சும்மா கிடந்தால் புத்தி கெட்டுவிடும், கைக்கு ஏதாவது வேலை வாங்கு என்று முதலில் சொன்னவரும் அவர்தான். பின்னலாமே என்றார். நூலுக்கு எங்கே போவது?

அப்போதுதான் பெட்டி நினைவுக்கு வந்தது. சண்டை வந்த வருடம், பள்ளிக் கைவேலைக் கண்காட்சிக்காக ஆற்றோரப் புத்தகக் கடையில் சொல்லிவைத்து ஒரு கப்பல் பெட்டி வாங்கியிருந்தேன். பையன்கள் சேர்ந்து செய்யட்டும் என்ற எண்ணம். பெட்டி வந்த மாதமே குண்டும் வந்தது. திறக்காமல் என் கட்டிலுக்கடியில் கிடந்தது. அண்ணி அதைச் சேலையில் சுற்றி மரவள்ளிக்கிழங்குக்கு அடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார். வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், மிஸ்ஸி ரோசா, போர்த்துக்கீசிய வழிவந்தவர். மூடியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. மூடிப் படத்தில் அந்தக் கப்பல் இங்கிலீஷ்காரன் கொடியோடு போய்க்கொண்டிருந்தது. மூடியையும் உள்ளே இருந்த காகிதக் கொடிகளையும் எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டார். மீதியை நான் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மீதி இதுதான்: முக்கால்வாசி செதுக்கிய ஒரு மரக்கட்டை, அதுதான் கப்பலின் உடல். மேல்தளத்துக்கு மெல்லிய பலகைகள். பாய்மரங்களுக்கு உருளைக் குச்சிகள். ஈயத்தில் வார்த்த இரண்டு நங்கூரம், பித்தளை ஆணிகள், மூன்று சுருள் நூல். காய்ந்து கல்லாகிப்போன ஒரு பசைக் குழாய். நாலாக மடித்த பெரிய வரைபடம். அதில் முதல் வரியே, எதையும் வெட்டுமுன் எல்லாவற்றையும் படி என்று இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. படத்தில் பெரிய பாய்மரத்தை விரலால் அளந்து, அதே அளவுக்குக் குச்சியைச் சவர பிளேடால் வெட்டினேன். பிறகு படித்தால், படம் பாதி அளவில் வரையப்பட்டது என்று மூலையில் போட்டிருக்கிறது. பாய்மரம் பாதிதான் இருந்தது. வேறு குச்சி கிடையாது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் நாள் கத்தியைத் தொடாதீர்கள். படத்தைப் படியுங்கள். சாமான்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒத்துப்பாருங்கள். பிறகு கட்டையில் தொடங்குங்கள், பாய்மரத்தில் தொடங்காதீர்கள். பாய்மரத்தில்தான் ஆசை போகும், எனக்குத் தெரியும். உடல் கோணியிருந்தால் அதன்மேல் நிற்பது எல்லாம் கோணும்.

நான் படுத்திருந்ததால் கட்டையைக் கொசுவலைக் கம்பியிலிருந்து இரண்டு வாரால் தொங்கவிட்டோம். கப்பலின் அடிப்பக்கம் என் முகத்துக்கு நேரே. கீழேயிருந்து தேய்க்க அது வசதிதான், ஆனால் மரத்தூள் முழுக்கக் கண்ணில் விழுந்தது. கட்டையைச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டு, நான் பிம்பத்தைப் பார்த்துத் தேய்க்கட்டும் என்று அண்ணன் தன் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்து மேலே மாட்டிவிட்டார். அவருக்கு வேண்டாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எனக்கு மீன் எண்ணெய் வாங்க அவர் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்துதான் வேலைக்குப் போகிறார் என்று மூன்று மாதம் கழித்து அண்ணி சொல்லித்தான் தெரிந்தது.

உப்புத்தாள் மூன்று துண்டு இருந்தது. சொரசொரப்பானதில் தொடங்கி வழவழப்பானதில் முடிக்க வேண்டும், எப்போதும் மரத்தின் இழை போகும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். படத்தின் குறுக்குவெட்டுக் கோடுகளைப் பழைய அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையைக் கட்டையின் வளைவோடு வைத்துப் பார்ப்பேன். இடைவெளி தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவர ஒன்றரை மாதம் ஆயிற்று. உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு நாலு நாள் போதும். பசைக்குத் தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம். மிஸ்ஸி தன் பங்குக்கு வளைந்துபோன ஒரு சாமண இடுக்கியைக் கொடுத்தார். இனி அது காயத்துக்கு உதவாது என்றார்.

நாலாவது மாதம் மேல்தளப் பலகைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். காலையில் படுக்கை மாற்ற வந்த மிஸ்ஸி போர்வையைத் தூக்கியதும் நின்றுவிட்டார். என் வலது தொடையில் சவர பிளேடு குத்திக்கொண்டு நின்றது. விரிப்பில் உள்ளங்கை அளவு ரத்தம். முந்தின நாள் மாலையில் கைதவறிய பிளேடு. போர்வைக்குள் எங்கோ விழுந்தது என்று நினைத்துத் தேடாமல் விட்டிருந்தேன். எனக்கு வலிக்கவே இல்லை.

அவர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். டாக்டர் ஊசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். குத்துகிறது என்றால் சொல் என்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் குத்த ஆரம்பித்துவிட்டார் என்பதே எனக்குத் தெரியாது. தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வந்தபோதுதான் குத்துகிறது என்றேன். கால் கட்டைவிரலை அசைக்கச் சொன்னார். அசைத்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அரித்த எலும்பைச் சுற்றிச் சீழ் சேர்ந்து, அது உள்ளே போகும் நரம்புத் தண்டை நெருக்குகிறது என்று விளக்கினார். சீழை எடுத்தால் நரம்பு பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். மரத்துப்போக வைக்கும் மருந்து பிரசவக் கேஸ்களுக்கு மட்டும்தான் இருந்தது. என்னைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். சாக்குத் தைக்கும் ஊசி அளவு பருமனான ஒன்றை விலாவுக்கும் முதுகுக்கும் நடுவே செலுத்தினார்கள். காலில் இல்லாத வலி முழுக்க அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. தேவகி வீங்கிய காலோடு தன் கட்டிலிலிருந்து இறங்கிவந்து என் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். தேவாரத்தில் இரண்டு வரி திரும்பத் திரும்பப் பாடினார். தமிழ் வரி, அவருக்கு அர்த்தம் தெரியாது. எனக்கும் அந்த நேரம் அர்த்தம் ஒன்றும் விளங்கவில்லை. மோர் போன்ற சீழ் இரண்டு கிண்ணம் வந்தது.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். மூன்று வாரம். காத்திருந்த நாளெல்லாம் நான் பயந்தேன். பயத்தை மறைத்து எழுதினால் இதைப் படிக்கும் நோயாளிக்கு நான் துரோகம் செய்தவளாவேன். கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஓடியதால், மிஸ்ஸி காலை ஏழு மணி வெப்பம் பார்க்க வரும்போது வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். அவர் வருமுன் விழித்துக்கொண்டு கட்டைவிரலை அசை, அசை என்று மனதால் கட்டளை போட்டுக்கொண்டிருப்பேன். அது என்னுடைய விரல் மாதிரியே இல்லை. விடிந்ததும் பலகை ஒட்டத் தொடங்கிவிடுவேன். டாக்டர் பிளேடை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். மிஸ்ஸி அதற்கு நூல் கட்டி என் மணிக்கட்டில் முடிந்துவிட்டு, இனி விழாது என்று மட்டும் சொன்னார்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் செங் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். எனக்குத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லோரும் பயந்த காலம் அது. முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் கட்டிக்கொடுத்தார்கள். பெரியம்மா என் வெட்டிய தலைமுடியைப் பார்த்தார். பேன் பிடித்ததால் அண்ணி ஒட்ட வெட்டியிருந்தார். தொங்கும் கப்பலைப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று என்னிடம் கேட்காமல் அண்ணனிடம் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். தை மாதத்துக்குமேல் காத்திருக்க முடியாது. புக்கிட் பாருவில் எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவர் இருக்கிறார், நாற்பது நாளில் எழுப்பி உட்காரவைத்துவிடுவார். நோயைப்பற்றி வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.

அவர் போனதும் அண்ணன் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"தை மாசத்துக்குள்ள நீ எந்திரிச்சா போதும் கமலம். நடக்கக்கூட வேணாம். மணவறையில உக்காந்திருந்தா போதும்."

"உக்காந்தா கால் போயிடும்ணே. டாக்டர் சொன்னதை நீயுந்தானே கேட்ட."

"கால் ஏற்கனவே போன மாதிரிதானே கிடக்கு. அவங்களும் விட்டுட்டா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உன்னை யாரு பாப்பா?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அவர் அலுவலகத்திலேயே இரண்டு பேரை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆனாலும் எனக்கு அன்று நியாயம் பார்க்கும் பொறுமை இல்லை.

"யாரும் பாக்க வேணாம். சாகுறதா இருந்தா நான் சும்மா கிடப்பேன்ணே. பலகை ஒட்டிக்கிட்டிருக்கேன் பாரு, சாகப் போறதில்ல. என்னைத் தூக்கிட்டுப் போக ஆள் கூட்டிட்டு வந்தா, இந்த வாரைப் பிடிச்சுக்கிட்டு வார்டே கேக்குற மாதிரி கத்துவேன்."

அண்ணன் எழுந்து போய்விட்டார். பத்து நாள் வரவில்லை. அண்ணி மட்டும் தினம் நடந்து வந்தார், சிவப்புப் பனையெண்ணெய் ஒரு கரண்டி, கிழங்கு, சில நாள் ஒரு முட்டை. தனக்கும் ஒன்று இருந்தது, சாப்பிட்டாயிற்று என்பார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோழி.

சீழ் எடுத்த பதினாறாவது நாள் காலையில் ஓர் எறும்பு என்னைக் கடித்தது. இடது கால் சுண்டுவிரலில். நான் போட்ட சத்தத்தில் மிஸ்ஸி வெப்பமானியைக் கீழே போட்டுவிட்டார். அதற்காகப் பின்னால் அவர் மேலிடத்தில் திட்டு வாங்கினார் என்று கேள்வி. அப்போது அவர் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மாலை அண்ணன் வந்தார். அண்ணி சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு நீளமான பொட்டலத்தைப் பிரித்தார். பாக்கு மரத்தை வகிர்ந்து, உடைந்த கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி உருட்டிய ஒரு குச்சி. பெரிய பாய்மரத்தின் முழு அளவு. நான் பாதியாய் வெட்டிப்போட்டதை அவர் கவனித்திருந்தது எனக்குத் தெரியாது. புக்கிட் காதில் ஊரில் எங்கள் கிழங்குத் தோட்டத்துப் பக்கத்தில் கிடைத்தது என்றார். தை வந்தது, போயிற்று. கிராணிக்கு வேறிடத்தில் முடித்துவிட்டார்கள் என்று அண்ணி சொன்ன அன்று நான் அழவில்லை என்றால் அது பொய். அவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அழுதது அவருக்காக இல்லை.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, ஒரு ஜப்பானிய அதிகாரி வார்டுகளைப் பார்வையிட வந்தார். எழுந்து நிற்க முடிந்தவர்கள் கட்டிலோரம் நின்று வணங்கினார்கள். என் கட்டிலருகே நின்று கப்பலைக் கம்பால் மெல்லத் தட்டினார். மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார், இது எந்த நாட்டுக் கப்பல் என்று.

என்னுடையது என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு நான் சொன்னதைவிட நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி பையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கொடியை எடுத்து என் போர்வைமேல் வைத்தார். பின்பக்கம் கட்ட வேண்டும், அடுத்த முறை வந்து பார்ப்பார் என்று சொல்லப்பட்டது. அவர்கள் போனதும் மிஸ்ஸி கதவைச் சாத்திவிட்டு வந்து என்னைத் திட்டினார். அடித்தால் உன்னை அடிக்க மாட்டான், கட்டுக்குள் கிடக்கிறாய். என்னைத்தான் அடிப்பான் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கொடியைக் கட்டவில்லை. அடுத்த முறை அதிகாரி வந்தபோது பணிவாகச் சொன்னேன், கொடிக்கம்பம் இன்னும் செய்யவில்லை, அது கடைசி வேலை என்று. படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. மூன்றாவது முறையும் கொடிக்கம்பம் ஆகவில்லை. நாலாவது முறை வேறு அதிகாரி வந்தார், அவர் கப்பலைப் பார்க்கவே இல்லை.

கயிறு கட்டும் நேரம் வந்தபோது ஒரு மத்தியானம் மிஸ்ஸி வந்து தயங்கி நின்றார். ஆண்கள் வார்டில் மரம் விழுந்து கால் கிழிந்த ஒருவர், தையல் நூல் தீர்ந்துவிட்டது. என் பெட்டியில் இருப்பது நல்ல லினன் நூல், கொதிக்கவைத்தால் தைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். மூன்று சுருளும் வேண்டும், அடுத்தடுத்து ஆள் வருவார்கள். ஏழு மாதமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த நூல். கொடுக்க மனமில்லை. கொடுத்தேன். தேவகி இரண்டு நாள் கழித்து வீட்டிலிருந்து அன்னாசி இலை வரவழைத்தார். கால் வீக்கம் வடிந்து அவர் வீட்டுக்குப் போகும் சமயம் அது. பீங்கான் ஓட்டால் இலையை வழித்து நார் எடுத்து, தொடையில் வைத்து முறுக்கி, தேன்மெழுகால் நீவித் தந்தார். கடை நூலைவிட மெல்லியது, விறைப்பாகவும் நின்றது. அவர் போகும்போது எட்டு முழம் முறுக்கி வைத்துவிட்டுப் போனார். மீதியை நானே முறுக்கக் கற்றுக்கொண்டேன். நூல் கட்டுவதற்கு ஒரு விதி: பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளை இருபக்கமும் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும்.

வருகிறவர்கள் எல்லாம் கப்பலையும் என் முதுகையும் ஒப்பிட்டு ஏதாவது அழகாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். முதுகு ஒட்டியது எலும்பால், மீன் எண்ணெயால், டாக்டரின் ஊசியால், அண்ணியின் முட்டையால். கப்பல் ஒட்டியது வச்சிரத்தால். இரண்டும் என்னுடையவை, அவ்வளவுதான்.

பதினோராவது மாதம் ரத்தம் கண்ணாடிக் குழாயில் மெதுவாக இறங்கியது. கடைசி எக்ஸ்ரே பிலிமில் இரண்டு எலும்பும் ஒரே துண்டாகத் தெரிந்தன. பழைய கித்தான் துணியையும் மூங்கில் பட்டைகளையும் வைத்து அண்ணன் ஓர் உடுப்புத் தைப்பித்தார், மார்பிலிருந்து இடுப்பு வரை இறுக்கிக் கட்ட. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். முதல் நாள் தலைசுற்றி வாந்தி எடுத்தேன். எட்டாவது நாள் பாதம் தரையில் பட்டது. நெருப்பில் வைத்த மாதிரி எரிந்தது. நின்றேன். முன்பைவிட ஓர் அங்குலம் குள்ளமாகியிருந்தேன், முதுகில் அந்தப் புடைப்பு அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை மறைத்து நான் சேலை கட்டுவதில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் வந்து கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வார்டே கட்டிலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது இஞ்சையே நிண்டால் கிடக்கிற சனத்துக்கு ஒரு தெம்பாயிருக்கும், பிள்ளை," என்றார்.

என் கால் இரண்டையும் திருப்பித் தந்தவர். அண்ணன் அதற்குள் தலையாட்டிவிட்டார். கொடுத்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இதைத் தர மாட்டேன் டாக்டர்," என்றேன். "யாருக்காவது செய்யணும்னா சொல்லுங்க, வந்து சொல்லித் தரேன். கட்டை கிடைச்சா போதும்."

அவர் கோபப்படவில்லை. கட்டை தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கப்பலை நானே எடுத்துக்கொண்டேன். பாய்மரக் கயிறுகள் எதிலும் படாமல் இரண்டு கையாலும் ஏந்தினால்தான் கொண்டுபோக முடியும். வராந்தா முடிவில் ஒன்பது படி. இறங்கும்போது பிடித்துக்கொள்ள அண்ணன் கையை நீட்டினார். எனக்குக் கொடுக்கக் கை இல்லை. அவர் ஒரு படி கீழே இறங்கி நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நான் விழுந்தால் என்னைப் பிடிப்பதா கப்பலைப் பிடிப்பதா என்று தெரியாமல் பின்னோக்கி நடந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதமும் சேர்ந்த பிறகு அடுத்ததில் வைத்தேன். அவர் எதையும் பிடிக்க வேண்டிவரவில்லை.